தவறே வராத ஐந்து ஸ்வரங்கள்

சங்கீதத்தைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் முதல் பாராவில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சடங்கை நான் செய்யப்போவதில்லை. கவி பிலிப் லார்கின் ஹல் சர்வகலாசாலையில் நூலகர். 1961 முதல் பத்து வருஷம் ஒரு லண்டன் தினசரியில் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதினார். நூலகர் எழுதலாமென்றால் வங்கிக் குமாஸ்தாவும் எழுதலாம். தவிரவும், கவிதையில் நம்மிடையே நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைக் கவிதையை வைத்தே பேசினால் அது உடனே தனிநபர் விரோதமாகத் திரிந்துவிடுகிறது. மாண்டலினை முன்வைத்துப் பேசினால் விஷயம் துல்லியமாகப் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாண்டலினில் மனோதர்மமாக வாசிக்க, அதாவது எழுதிவைக்காததை அந்தக் கணத்தில் உண்டாக்கி வாசிக்க, இன்று எல்லா இடத்திலும் சொல்லித்தரப்படும் வழி ஐந்து ஸ்வரங்கள் கொண்ட பென்டடானிக் ஸ்கேல். அதற்கு அடுத்த படி ப்ளூஸ் ஸ்கேல். இரண்டும் மனப்பாடமாகிவிட்டால் எந்தப் பாட்டோடும் சேர்ந்து வாசிக்கலாம் என்பது வாக்குறுதி. தாராபுரத்தில் மாண்டலின் பழகும் இளைஞன் ஒருவன் இப்படியொரு தாளை என்னிடம் காட்டினான். நீளக்கோடுகள் தந்திகள், குறுக்குக்கோடுகள் மெட்டுகள், நடுவே கறுப்புப் புள்ளிகள். "இந்தப் புள்ளியில எதைத் தொட்டாலும் தப்பே வராதுங்ணா" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஏன் தப்பு வராது என்பதற்குக் காரணம் உண்டு. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மத்யமம் காந்தாரத்தை ஒட்டி அரை ஸ்வர தூரத்தில் நிற்கிறது. நிஷாதம் மேல் ஷட்ஜத்தை ஒட்டி அரை ஸ்வர தூரத்தில் நிற்கிறது. உரசல் வருவது இந்த இரண்டு இடங்களில்தான். மத்யமமும் நிஷாதமும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொள்வதும் உண்டு. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஸ ரி க ப த. இவற்றில் எதை எதோடு சேர்த்தாலும் காது சுளிப்பதில்லை. ஜெர்மானியரான கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்குச் சங்கீதம் கற்பிக்க வகுத்த முறையில் இதைத்தான் செய்தார். ஸைலஃபோனின் கட்டைகளில் இரண்டைக் கழற்றி வைத்துவிடுவது. பிறகு பிள்ளை எதைத் தட்டினாலும் சங்கீதம் மாதிரி ஒன்று கேட்கும். பிள்ளைக்கு உற்சாகம். அந்த வயசுக்கு அது நல்லதுதான். ஆனால் கட்டையைத் திரும்ப மாட்டுவது என்று ஒரு நாள் வர வேண்டும்.

நம் புதுக்கவிதையில் கட்டைகளைக் கழற்றிவைத்து ரொம்ப நாளாகிறது. தவறே வராத சொற்கள் என்று ஒரு தொகுதி நம்மிடம் சேர்ந்திருக்கிறது. மௌனம், நிழல், ஜன்னல், வெயில், சருகு, ஒரு கிழவி, பெயரில்லாத ஒரு பறவை. இவற்றில் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் கவிதை போல ஒன்று கிடைத்துவிடுகிறது. மௌனத்தின் நிழல் ஜன்னலில் விழலாம், ஜன்னலின் மௌனம் சருகில் விழலாம். யாராலும் தவறென்று சொல்ல முடியாது. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தபோது யாப்பை விட்டவர்களைப் பார்த்து, இலக்கணம் தெரியாதவர்கள், தவறாக எழுதுகிறவர்கள் என்றார்கள். அந்தத் தவறு அன்றைக்குப் பெரிய விஷயம். இன்று நம் கைக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் தவறு என்று ஒன்று நேர்வதற்கே இடமில்லை என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஐந்து ஸ்வரம் என்பதனாலேயே அது சுலபமான காரியம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல வருவது நேர்மாறானது. பழந்தமிழிசையில் ஏழு ஸ்வரம் கொண்டது பண், ஆறு கொண்டது பண்ணியல், ஐந்து கொண்டது திறம், நான்கு கொண்டது திறத்திறம். ஐந்துக்குத் திறம் என்று பெயர் வைத்தவர்கள் அதைப் பாலபாடமாக நினைத்திருக்க மாட்டார்கள். (நான்கு ஸ்வரத்தில் லவங்கி என்று பாலமுரளிகிருஷ்ணா ஒரு ராகமே செய்தார்.) மேற்சொன்ன ஸ ரி க ப த நம்மிடம் மோகனம். அதே ஐந்து இடங்களை வைத்துக்கொண்டு ஷட்ஜத்தை மட்டும் ரிஷபத்துக்கு நகர்த்தினால் மத்யமாவதி வருகிறது. காந்தாரத்துக்கு நகர்த்தினால் ஹிந்தோளம், பஞ்சமத்துக்கு நகர்த்தினால் சுத்த ஸாவேரி, தைவதத்துக்கு நகர்த்தினால் சுத்த தன்யாஸி. மெட்டுப் பலகையில் புள்ளிகள் ஒன்றே, ராகங்கள் ஐந்து. கிரகபேதம் என்கிறோம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு ஏழு ஸ்வரங்களின் பெயரை இட்டு வட்டமாக நிறுத்தியிருப்பதில் இந்தச் சுழற்சியின் கணக்கைப் பார்க்கிறவர்கள் உண்டு.

மேற்கத்தியப் பாடத்தாளும் இதே ஐந்து சுழற்சிகளைத் தருகிறது. ஆனால் அங்கே அவை ஐந்து கட்டங்கள். கை மெட்டுப் பலகையில் மேலும் கீழும் போவதற்கான ஐந்து நிறுத்தங்கள். மேஜர் பென்டடானிக் என்பது மோகனம், மைனர் பென்டடானிக் என்பது சுத்த தன்யாஸி, இரண்டும் 'ஒன்றேதான்' என்று தாள் சொல்கிறது. விரலுக்கு ஒன்றேதான். மத்யமாவதியைக் கச்சேரி முடிவில் மங்களமாகக் கேட்டுப் பழகியவனுக்கும் ஹிந்தோளத்தில் இராப்பொழுதைக் கழித்தவனுக்கும் அவை எப்படி ஒன்றாகும்? இந்துஸ்தானியில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். பூபாலிக்கும் தேஷ்கருக்கும் ஷட்ஜம்கூட நகர்வதில்லை; ஸ்வரங்கள் அதே ஐந்து. ஒன்று காந்தாரத்தில் குடியிருக்கிறது, சாயங்கால ராகம். இன்னொன்று தைவதத்தில் குடியிருக்கிறது, காலை ராகம். எந்த ஸ்வரம் இருக்கிறது என்பதைவிட எங்கே நிற்பது, எதைத் தொட்டும் தொடாமலும் போவது, எதை வழியில் வைத்து எதை வீடாக வைத்துக்கொள்வது என்பதுதான் ராகம். இது புள்ளியில் அடங்காது. மால்கோன்ஸ் பாடுகிறவர்கள் தம்பூராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிக்கொள்கிறார்கள். இல்லாத ஸ்வரம் இல்லையென்று கேட்க வேண்டும்; அதற்காகப் பக்கவாட்டில் தானாக ஒலித்துக்கொண்டிருப்பதையும் அடக்க வேண்டியிருக்கிறது.

ப்ளூஸுக்கு வருகிறேன். தாளில் இருக்கும் ப்ளூஸ் ஸ்கேல் சுத்த தன்யாஸியோடு ஒரு பிரதி மத்யமத்தைச் சேர்த்தது: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நம் மேளகர்த்தா அட்டவணையில் இதற்கு இடம் கிடையாது. எழுபத்திரண்டில் முப்பத்தாறு சுத்த மத்யமத்துக்கு, முப்பத்தாறு பிரதி மத்யமத்துக்கு. இரண்டும் அடுத்தடுத்து உட்கார வேங்கடமகியின் சட்டம் அனுமதிக்கவில்லை. பெஹாக், ஹமீர்கல்யாணி போன்றவற்றில் இன்னொரு மத்யமம் விருந்தாளியாக வந்து போகும். இந்துஸ்தானி லலித்தில் இரண்டும் ஒட்டி வாழ்கின்றன. ஆனால் இந்தச் சட்ட விவகாரம் நான் சொல்ல வந்த விஷயமில்லை. ப்ளூஸ் பாடுகிறவனின் தொண்டையில் 'பிரதி மத்யமம்' என்று ஓர் இடமே கிடையாது என்பதுதான் விஷயம். மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே ஒரு நழுவல் இருக்கிறது. இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே ஓர் இழுப்பு இருக்கிறது. பின்னணிக் கிதார் அந்தர காந்தாரத்தை வைத்து மேஜர் கார்டு பிடித்துக்கொண்டிருக்கும்போது பாடுகிறவன் அதற்குக் கொஞ்சம் கீழே, சாதாரண காந்தாரத்துக்குக் கொஞ்சம் மேலே, எந்த மெட்டிலும் இல்லாத ஓரிடத்தில் நிற்கிறான். அந்த நிலைதான் ப்ளூஸ். மெட்டு வைத்த வாத்தியம் அதை நெருங்க முடியும். பியானோ இரண்டு கட்டைகளை ஒன்றாக நசுக்கிப் பாவனை செய்யும். ஸ்கேல் என்பது அந்த இழுப்பு நடந்து முடிந்தபின் தரையில் கிடக்கும் தடயம்.

இதில் நமக்கு அந்நியமாக ஒன்றுமில்லை. தோடியின் காந்தாரத்தை எந்த மெட்டில் வைப்பீர்கள்? தம்பூராவைச் சுருதி சுத்தமாகச் சேர்த்தால் யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து தானே எழும். சுயம்பு ஸ்வரம் என்பார்கள். அதன் மேல் சுத்த தன்யாஸி பாடுகிறவன் சாதாரண காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கிறான். மிஸிஸிப்பியில் கிதாருக்கும் குரலுக்கும் நடந்த வழக்கு இங்கே தம்பூராவுக்கும் குரலுக்கும் காதில் விழாத அளவில் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கீத வித்வான்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

ப்ளூஸ் அச்சில் ஏறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, டபிள்யூ.சி. ஹேண்டியின் மெம்ஃபிஸ் ப்ளூஸ் 1912, செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 1914. பெஸ்ஸி ஸ்மித் 1937இல் இறந்தேபோனார். ஆனால் 'ப்ளூஸ் ஸ்கேல்' என்ற அட்டவணை பாடப்புத்தகச் சரக்கானது அதற்கெல்லாம் வெகு பின்னால். ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் தொடங்கிய பயிற்சி இசைத்தட்டுகளும், அவற்றையொட்டி வந்த கல்லூரிப் பாடங்களும்தான் அதை ஊர்ஊராகக் கொண்டுபோயின. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வகுப்பறைக்கு அட்டவணை தேவை. ஆனால் மாண்டலினில் ப்ளூஸ் வாசித்த ஆதி ஆட்களைப் பாருங்கள். டென்னஸியில் பிறந்த கறுப்பர் யாங்க் ரேச்சல், சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பன்றிக்குட்டியைக் கொடுத்து மாண்டலினை வாங்கிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. 1929இல் ஸ்லீப்பி ஜான் எஸ்டிஸோடு இசைத்தட்டில் வாசித்தார். ப்ளூகிராஸ் என்ற வகையையே உண்டாக்கிய பில் மன்றோ, பிடில் வாசித்த தாய்மாமனிடமிருந்தும் ஆர்னால்ட் ஷூல்ட்ஸ் என்ற கறுப்பின வாத்தியக்காரரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். ஒருவருக்கும் தாள் இருக்கவில்லை, பாட்டுகள் இருந்தன. பாட்டைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பாட்டிலிருந்து நழுவும் வழியையும் பாட்டிடமே கற்றுக்கொண்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் யு. ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். 2014 செப்டம்பரில் சென்னையில், நாற்பத்தைந்து வயதில் இறந்தார். தகப்பனார் சத்யநாராயணாவின் மாண்டலினை ஆறு வயதில் எடுத்தவர், ஒன்பது வயதில் 1978இல் குடிவாடாவில் மேடையேறினார். அவருக்குக் குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது என்பது. அவர் பாடுவார், பையன் கேட்டதை வாத்தியத்தில் தேடி எடுக்க வேண்டும். எந்த விரல், எந்த மெட்டு என்று சொல்ல ஆளில்லை. ஆகவே புள்ளிகளின் வரைபடம் என்று ஒன்று அந்தப் பையனின் மனசில் உருவாவதற்கு முன்பே குரல் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மெட்டு ஒரு தடை மட்டுமே, அதைத் தாண்டுவது தொழில்நுட்பம்.

அந்தத் தொழில்நுட்பமும் சாதாரணமில்லை. மாண்டலினில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. பிடில் மாதிரியே சுருதி. கழுத்து குட்டை, தந்தி விறைப்பு. நாதம் உடனே செத்துப்போகும்; அதனால்தான் இத்தாலிக்காரர்களும் நம் சினிமா வாத்தியக்காரர்களும் கிடுகிடுவென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜோடித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, ஒன்றோடொன்று சண்டை போடும். ஸ்ரீநிவாஸ் ஜோடியை நீக்கினார். ஒற்றைத் தந்திகள் ஐந்து, மின்சாரத்தின் உதவியால் நாதத்துக்கு ஆயுள். பிறகு ஒரே தந்தியில் விரலை வழுக்கியும் தந்தியை இழுத்தும் கமகத்தைக் கொண்டுவந்தார். மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று முதலில் முகம் சுளித்தவர்களுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் பதினான்கு வயதுப் பையனாக வாசித்தார். ஜாஸ் ரசிகர்கள் அங்கே கேட்டது புதிய ஸ்கேல்களை இல்லை. மனோதர்மம் என்பதை வேறொரு வழியாகக் கற்றுவந்த ஒரு பையனைக் கேட்டார்கள்: கீதம், வர்ணம், நூற்றுக்கணக்கில் கிருதிகள், அவற்றில் ஊறிய பிடிகள், அப்புறம்தான் ஆலாபனையும் கல்பனாஸ்வரமும்.

அவருடைய எல்லாப் பதிவுகளையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். மைக்கேல் ப்ரூக்கோடு சேர்ந்து 1995இல் வெளிவந்த 'ட்ரீம்' எனக்கு உவப்பில்லாதது. பின்னால் பனிமூட்டம் போல ஒலி பரப்பி, அதன்மேல் மாண்டலினை மிதக்கவிட்டபோது பிடிகள் கரைந்து வெறும் ஸ்வரங்களாகிவிடுகின்றன. எதைத் தொட்டாலும் தப்பு வராத சூழலை ஒரு மேதைக்கு ஏற்படுத்திக்கொடுத்தால் மேதையும் புள்ளிகளையே தொட ஆரம்பிக்கிறான். ஜான் மெக்லாக்ளினோடு 'ரிமெம்பர் சக்தி'யில் வாசித்தது வேறு ரகம். மெக்லாக்ளின் அறுபதுகளின் ப்ளூஸிலிருந்தும் ஜாஸிலிருந்தும் வந்தவர், ஆனால் தாளோடு நின்றவர் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்த அதே ராமநாதன். பிறகு முதல் 'சக்தி' நாட்களில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிதாரைச் செய்வித்துக்கொண்டார், தந்தியை வீணையைப் போல ஆழமாக இழுப்பதற்காக. ஒருவர் தந்தியைக் கழற்றினார், மற்றவர் மரத்தைக் குடைந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கும்போது மெதுவான இடங்களில் எனக்குப் பேச்சே எழுவதில்லை. வேகமான கேள்வி-பதில் வருமிடங்களில் மட்டும் கைதட்டலுக்காக இரண்டு பேரும் படிக்கட்டில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். அங்கே ஸ்கேல் திரும்ப வந்துவிடுகிறது.

இதெல்லாம் எட்டாத உயரம் என்று தள்ளிவிட வேண்டாம். அமராவதிக் கரையிலிருந்து காங்கேயம் வரை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவார்கள். கனடாக்காரரான பிரெண்டா பெக் அறுபதுகளின் நடுவில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையை இரவிரவாக ஒலிநாடாவில் பதிவுசெய்தார். இந்தப் பாட்டில் ராகம் என்று பெயர் சொல்ல ஒன்றுமில்லை. நான்கைந்து ஸ்வரங்களுக்கு மேல் குரல் போவதில்லை. பாடுகிறவன் ஒரு வரியைச் சொல்லி, அதையே இன்னொரு தரம் சொல்லி, அந்த அவகாசத்தில் அடுத்த வரியை உண்டாக்குகிறான். ப்ளூஸின் பன்னிரண்டு தாளக்கட்டில் முதல் அடி இரண்டு தரம் வருவதும் மூன்றாவது அடிக்கு இடம் தேடிக்கொள்ளத்தான். சங்கர் படுகளத்தில் விழுமிடத்தில் உடுக்கைக்காரன் கடைசி ஸ்வரத்தை ஓர் அணு கீழே இறக்கிப் பிடிப்பான். அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிடும். அந்த ஓர் அணுவுக்கு அவனுக்கு யாரும் பெயர் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் இதற்குமுன் அந்தக் கதையைப் பல நூறு இரவுகள் கேட்டும் பாடியும் இருக்கிறான்.

வசனத்தில் இதைச் செய்தவர் எங்கள் தாலுக்காக்காரரே. கீரனூர் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. சொற்தொகை மிகக் குறைவு. கலப்பை, காடு, கிணறு, சோறு என்று நாலைந்து புழங்கு பொருள்களுக்குள்ளேயே நாவல் நடந்து முடிகிறது. க.நா.சு. ஓயாமல் அதைப் புகழ்ந்ததற்கு நடையின் எளிமையைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ எளிமை சரியான சொல்லாகப் படவில்லை. அதில் மனிதர்கள் பேசும் வாக்கியங்களைக் கவனியுங்கள். மரியாதையும் கோபமும் ஒரே 'ங்க'வில் இருக்கும். வார்த்தையை நிறுத்தாமல் இழுத்துவிடும் அந்த விகுதியில்தான் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவிலுள்ள இடம் இருக்கிறது. லாங்ஸ்டன் ஹ்யூஸ் 1926இல் 'தி வியரி ப்ளூஸ்' தொகுதியில் இதற்குத்தான் முயன்றார். அச்சில் இழுப்பைக் காட்ட குறியீடு இல்லையாதலால் பேச்சின் அசைவை வரியிலேயே வைக்க வேண்டியிருந்தது. நம் கவிதைகளில் யாரும் இப்படிப் பேசுவதாகக் காணோம். எல்லோரும் சுத்தமான, மெட்டில் சரியாக விழுந்த தமிழில் மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மாண்டலின் பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல எனக்குத் தகுதி உண்டோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். தாளை எரிக்க வேண்டியதில்லை. கைக்குப் பழக்கமாக ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஜோடித் தந்திகளில் ஒவ்வொன்றைக் கழற்றிவிட்டு, சுத்த தன்யாஸியில் ஒரே ஒரு கீர்த்தனையை, பாடத் தெரிந்த யாராவது ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் குரலை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்துப் பார்க்கலாம். காந்தாரத்தில் முதலில் தகராறு வரும். மெட்டில் வைத்தால் தட்டையாக இருக்கும், இழுத்தால் அதிகமாகப் போய்விடும். அந்த இரண்டுக்கும் நடுவே விரல் எத்தனை நாள் அலைகிறது என்பதை எண்ணிக்கொண்டு வந்தால் போதும்.